மஞ்சள் போட்ட சோப்பு

வீட்டில் சோப்பு செய்வது ரொம்ப எளிது என்று அந்த வீடியோவில் ஒரு பெண் சொல்கிறாள். உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு, பளிச்சென்று துடைத்த சமையலறையில் நின்று, சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவள் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

என் சமையலறை மட்டாஞ்சேரியில், கூவப்பாடத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடியில் இருக்கிறது. கீழே மிளகுக் கிடங்கு. நாள் முழுக்க தும்மல். என் கணவர் விஸ்வேஸ்வரன் போய் இரண்டு வருஷமாகிறது. ஒரே பெண் ஸாதனா காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் அங்கேயே தோழிகளோடு தங்கியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அவளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை சங்கர்ராம் ஆலுவாக்காரன். பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயா போட்டுக் கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிற பிள்ளை. குறையெல்லாம் என் பெண்மேல்தான். ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, அப்புறம் ஆலுவாவில் ஒரு ஹாலில் சாப்பாடு, அவ்வளவுதான் கல்யாணம் என்றாள். ஊஞ்சல் கிடையாது. நலங்கு கிடையாது. சரி, காலம் மாறிவிட்டது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அடுத்து ஒன்று சொன்னாள்.

"ஆரத்தி மட்டும் வேண்டவே வேண்டாம் கேட்டயா அம்மா? யார் சொன்னாலும் வேண்டாம்."

இதை யாரிடம் சொல்கிறாள் என்று பாருங்கள். இந்த மலையாள ஊரில் இருக்கிற எங்கள் தமிழ்க் குடும்பங்களில் எனக்குப் பெயரே ஆரத்தி மாமி. ஸ்வர்ணலதா என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணமா, சீமந்தமா, பிள்ளை பெற்று வீட்டுக்கு வருகிறாளா, கூப்பிடு ஆரத்தி மாமியை. தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பொடி கரைத்து, சுண்ணாம்பை ஒரு சிட்டிகை தொட்டு வைத்துக் கலக்கினால் ரத்தச் சிவப்பாக மாறும் பாருங்கள், அந்தச் சிவப்பு எனக்கு வருகிற மாதிரி யாருக்கும் வராது. இருபத்தைந்து வருஷம் அப்படி எடுத்தேன். விஸ்வேஸ்வரன் போனபிறகு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள், அது சுமங்கலிகள் காரியம். இப்போது என் நாத்தனார் விசாலம்தான் எடுக்கிறாள். அவள் கலக்குவது ஆரத்தி இல்லை, கேரட் ஜூஸ்.

அது இருக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன பெண், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப வீட்டில் செய்த சோப்பு.

"வெள்ளையா, சுத்தமா, வாசனை கீசனை ஒண்ணும் இல்லாம. நீ உண்டாக்கித் தந்தா மதி, அது போதும் அம்மா."

பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் எனக்கு சோப்பு காய்ச்சுகிற உத்தியோகம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இதுவும் இல்லையென்றால் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி, வேறென்ன?

பஜார் ரோட்டில் இருக்கிற கெமிக்கல் கடைக்குப் போய் காஸ்டிக் சோடா கேட்டேன். கடைக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டே, "சேச்சி, கக்கூஸ் பிளாக்காணோ?" என்றார். அடைப்பு ஒன்றும் இல்லை, சோப்பு செய்ய என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பட்டால் பொத்துவிடும் என்று எச்சரித்து அனுப்பினார். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை வீட்டில் இருந்தது. கண்ணுக்கு, விஸ்வேஸ்வரன் ஸ்கூட்டர் ஓட்டும்போது போட்டுக்கொள்கிற பெரிய கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

முதல் தடவை. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். எந்தப் பாத்திரத்தில் என்று அந்தக் கொண்டைக்காரி சொன்ன இடத்தில் என் குக்கர் விசில் அடித்துவிட்டது. நான் பாயசம் வைக்கிற அலுமினியச் சருவத்தை எடுத்து வைத்தேன். போட்டதுதான் தாமதம், புஸ்ஸென்று பொங்கியது பாருங்கள்! சருவம் கண்ணெதிரே கறுத்துப் போனது. ஆவி மூக்கில் ஏறியது. ஜன்னலைத் திறந்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். கீழே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும், ஸ்டீலில்தான் செய்ய வேண்டும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷம் பாயசம் வைத்த சருவம் போயே போய்விட்டது.

இரண்டாவது தடவை ஸ்டீல் பாத்திரம். காஸ்டிக் தண்ணீரை ஆறவைத்து, தேங்காய் எண்ணெயில் ஊற்றி, கை பிளெண்டரால் அடித்தேன். அது மெல்ல மெல்ல வெளுத்து, தோசை மாவு பதத்துக்கு வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. இந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு யோசனை. மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு வாசனையே இல்லாமல் ஒரு சோப்பா? பக்கத்துக் கடையில் வாங்கி வைத்திருந்த கிராம்புத் தைலத்தை நாலு சொட்டு விட்டேன். நாலு சொட்டு என்றால் கை தவறி நாற்பது சொட்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் மாவு முழுக்க இறுகிக் கல்லாகிவிட்டது. பிளெண்டர் உள்ளே சிக்கிக்கொண்டு ஒரு முனகல் முனகி நின்றது. கத்தியால் கெல்லிப் பார்த்தேன், கரண்டிக் காம்பால் இடித்துப் பார்த்தேன், ம்ஹூம். பிளெண்டரோடு சேர்த்துக் குப்பைக்குப் போயிற்று. கிராம்பு போட்டால் சட்டென்று இறுகிவிடும் என்று வேறொரு வீடியோவில் சாவகாசமாகச் சொல்கிறார்கள். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அன்றைக்கு ஸாதனா போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"முடியலேன்னா விட்டுடு அம்மா. நான் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிக்கறேன். நீ வெறுதே கஷ்டப்படாதே."

சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். விட்டுடு என்றாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது. "ஒண்ணும் வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வரச்சே சோப்பு இருக்கும்" என்று சொல்லி போனை வைத்தேன். அதற்குமேல் தள்ளிப்போடவும் வழியில்லை. இந்த சோப்பு ஊற்றினவுடன் உபயோகிக்கிற சாமான் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் காற்றில் வைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் தோலை அரிக்கும். கல்யாணத்துக்கு இருந்ததே ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். இந்தத் தடவையும் போனால், போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு ஆரம்பித்தேன். புது பிளெண்டர். ஸ்டீல் பாத்திரம். வாசனைத் தைலம் எதுவும் வீட்டிலேயே இல்லை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்ணெயைப் பாத்திரத்தில் ஊற்றினபோது மனசு கேட்கவில்லை. ஒரு சுபகாரியத்துக்குக் கொடுக்கிற பொருள், அதில் துளி மஞ்சள்கூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று, அது என்ன வீடா ஆஸ்பத்திரியா? மஞ்சள் பூசிக் குளிக்கிற சாமான்தானே, சோப்பில் போட்டால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? இரண்டு ஸ்பூன் எண்ணெயில் போட்டுக் கலக்கினேன். தங்கம் மாதிரி மினுங்கியது. ஸாதனா கேட்டால், கொஞ்சம் மஞ்சளாக வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மஞ்சளைக் கள்ளத்தனமாகப் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்குமேல் என் மனசில் எதுவும் இல்லை. காஸ்டிக் தண்ணீரை ஊற்றி பிளெண்டரைச் சுற்றவிட்டேன். தங்கம் ஆரஞ்சாயிற்று. ஆரஞ்சு செம்மண்ணாயிற்று. அப்புறம் பாத்திரம் முழுக்கச் செக்கச்செவேலென்று என் முகத்தைப் பார்த்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சுண்ணாம்பு வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற சாமான், காஸ்டிக் அபாயம் என்று எழுதின பிளாஸ்டிக் டப்பாவில் வருகிற சாமான். இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோற்றானிக்கரைக் கோயிலில் குருதி பூஜைக்கு அண்டா அண்டாவாக மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்கிறதைக் கண்ணால் பார்த்தவள் நான். இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆரத்தி மாமிக்குத் தெரியவில்லை!

அந்த நேரத்தில்தான் படியேறி வருகிற சத்தம். ஸாதனா, கை நிறைய மடித்த அட்டைப் பெட்டிகளோடு. சோப்பு வைத்துக் கொடுப்பதற்காகச் செய்யச் சொல்லி வாங்கி வந்திருக்கிறாள். சமையலறை வாசலில் நின்று பாத்திரத்தைப் பார்த்தாள். பெட்டிகளை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எந்தா அம்மா இது?"

"சோப்பு."

"இது ஆரத்தி."

"இல்லடி, மஞ்சள் கொஞ்சம் போட்டேன். காஸ்டிக் பட்டதும் இப்படி ஆயிடுத்து. எனக்குத் தெரியாது."

"தெரியாதா? உனக்கா?" அவள் குரல் ஏறியது. "ஊருக்கெல்லாம் கலக்கிக் குடுத்தவளுக்கு மஞ்சள் சிவக்கும்னு தெரியாதாக்கும்! ஒண்ணே ஒண்ணுதானே வேண்டாம்னு சொன்னேன். மூஞ்சிக்கு நேரே சரின்னுட்டு, இப்படிக் குறுக்கு வழியிலயா?"

"சத்தியமாத் தெரியாதுடி! உன் தலைமேல அடிச்சு..."

"வேண்டாம். பொய் சத்தியம் பண்ணாதே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு விஷயம் நிஜமாகவே தெரியாமல் செய்துவிட்டு, தெரியாது என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லாமல் நிற்பதைப்போல ஒரு கொடுமை உண்டா? எனக்கு அந்தக் காரியம் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதே எனக்கு எதிர்சாட்சி. கண்ணில் ஸ்கூட்டர் கண்ணாடி, கையில் ரப்பர் உறை, அந்தக் கோலத்திலேயே கத்தினேன்.

"ஆமாண்டி, பண்ணினேன்னே வெச்சுக்கோ! என்ன தப்பு? பெத்தவளுக்கு உன் கல்யாணத்துல ஒரு ஓரம் உண்டா? சோப்பு காச்சறதுக்கு ஆளா வெச்சிருக்காய்! என் வழக்கம், என் ஆரத்தி, எல்லாம் உனக்கு நாணக்கேடு. அந்தப் பையன் ஆத்துக்காரா முன்னாடி அம்மா ஒரு பட்டிக்காடுன்னு தெரிஞ்சுடுமாக்கும்!"

ஸாதனாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழப்போகிறாளோ அடிக்கப்போகிறாளோ என்று புரியவில்லை.

"ஹரி அண்ணா கல்யாணத்துல," என்றாள். "விசாலம் அத்தை உன் கையிலேர்ந்து தட்டை வாங்கினா. நான் பார்த்துண்டுதான் இருந்தேன்."

ஹரிநாராயணன் விசாலத்தின் பிள்ளை. விஸ்வேஸ்வரன் போன மறுவருஷம் அவன் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஆரத்தி எங்கே ஆரத்தி எங்கே என்று கூச்சல். நான் நினைவில்லாமல், கை பழக்கத்தில், சமையலறையில் கலக்கி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விசாலம் குறுக்கே வந்து, "மன்னி, நீங்க உக்காருங்கோ" என்று பதவிசாகச் சொல்லித் தட்டை வாங்கினாள். வாங்கினதை எடுத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை. தொட்டியில் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவி, புதுசாகக் கலக்கினாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அத்தை கொட்டினா. நீ அந்தச் சுவரோரமா தள்ளி நின்னாய், மன்னிச்சுக்கோங்கோங்கற மாதிரி. என் கல்யாணத்துலயும் அதே அத்தைதான் தட்டோட வருவா. நீ உள்ளே நிப்பாய். கூப்பிட்டாலும் வரமாட்டாய், எனக்குத் தெரியும். நீ எடுக்காத ஆரத்தி எனக்கு எதுக்கு? அதனாலயாக்கும் ஒண்ணுமே வேண்டாம்னு சொன்னது."

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். இதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லக்கூடாதா இந்தப் பெண்? எத்தனை நாள் இவளை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்! அவள் சொன்னதும் சரிதான். விசாலம் தட்டை வாங்கினபோது எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, ஏதோ திருடிவிட்டுப் பிடிபட்ட மாதிரி. கூப்பிட்டால்கூட வரமாட்டேன் என்பதும் நிஜம்.

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றேன்.

"எப்படிச் சொல்லறது? நீயே அதெல்லாம் சரின்னு நெனச்சுண்டு இருக்காய்."

பாத்திரத்தில் மாவு கெட்டியாகிக்கொண்டிருந்தது. கரண்டியைத் தூக்கினால் விழுந்த கோடு அப்படியே மேலே நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டால் டப்பாவில் ஊற்ற வராது. "தள்ளு, ஊத்தணும்" என்று பாத்திரத்தைத் தூக்கினேன். அவள் தள்ளவில்லை. வாசற்படியிலேயே நேராக நின்றாள்.

"எடு."

"என்னது?"

"சிவப்பாத்தானே இருக்கு. எடு அம்மா."

"பைத்தியமா உனக்கு? காஸ்டிக். மேலே தெறிச்சா பொத்துப்போகும்."

"தள்ளி நின்னுக்கறேன்."

"நான் எடுக்கக்கூடாதுடி."

"இங்க யாரு இருக்கா கொட்டறதுக்கு?"

மாவு இறுகுகிறது. இவள் நகரமாட்டேன் என்கிறாள். என் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டி, போட்டுக்கொள், ரெண்டடி பின்னால் போ, வாயை மூடிக்கொள் என்று அதட்டினேன். விஸ்வேஸ்வரனின் ஸ்கூட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் நின்றாள். பாட்டுப் பாட ஆளில்லை. பாத்திரமோ தட்டைவிட ஆறு மடங்கு கனம். ஆனால் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எங்கே மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்கு மறக்கவில்லை. மூன்று சுற்று சுற்றினேன். சுற்றும்போது அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பார்த்திருந்தால் பாத்திரத்தைக் கீழே போட்டிருப்பேன்.

ஆரத்தியை வாசலில் கொட்டுவதுதான் வழக்கம். நான் திரும்பிப்போய் டப்பாக்களில் ஊற்றினேன்.

"நெத்தில வெக்கலையே" என்றாள் பின்னாலிருந்து.

"வெச்சா ஓட்டை விழும். காயட்டும். பேசாம அந்தப் பெட்டியெல்லாம் எடுத்து வை."

சோப்பு ஒழுங்காக உறைந்தது. வில்லை போட்டுத் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். காயக் காய அந்தச் சிவப்பு வடிந்து, மங்கி, கடைசியில் கடுகு அரைத்த நிறத்துக்கு வந்துவிட்டது. யார் பார்த்தாலும் மஞ்சள் சோப்பு என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்தன்று ஆலுவா ஹாலில் வாசலில் நின்று எல்லோருக்கும் நான்தான் கொடுத்தேன். விசாலத்துக்கும் ஒரு பெட்டி கொடுத்தேன். ஆரத்தி இல்லாமல் ஒரு கல்யாணமா என்று முணுமுணுத்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டாள்.

அவளிடமிருந்து போன வாரம் போன்.

"மன்னி, அந்த சோப்பு தீர்ந்துபோயாச்சு. ரொம்ப நன்னாயிருந்தது கேட்டேளா? ஹரியோட ஆத்துக்காரியும் கேக்கறா. என்னதான் போட்டேள் அதுல?"

மஞ்சள் என்று சொல்லி முடித்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆரத்தி" என்றேன். "ஸாதனாவுக்கு நான் எடுத்த ஆரத்தி. நீ கொட்டினாயே, அதேதான். கொட்டாம சோப்பா ஊத்தினேன்."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. அவர்கள் வீட்டு டிவி ஓடுகிற சத்தம் லேசாகக் கேட்டது. விசாலத்துக்கும் வயசாகிவிட்டது, அவள் அகத்துக்காரர் போன வருஷத்திலிருந்து படுக்கையில் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு அவள் கையிலிருந்தும் யாராவது தட்டை வாங்கிக்கொள்வார்கள்.

"மன்னி," என்றாள் கடைசியில், குரலே வேறு மாதிரி இருந்தது. "அடுத்த தடவை உண்டாக்கறப்போ எனக்கு ஒண்ணு எடுத்து வெப்பேளா?"

வைக்கிறேன் என்றேன். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், தீரவில்லை. அந்தத் தொட்டியில் தண்ணீர் விட்டு அவள் தட்டைக் கழுவின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் மறுநாள் காலையில் பஜார் ரோட்டுக்குப் போய் காஸ்டிக் சோடா கேட்டேன். கடைக்காரர் இந்தத் தடவை கக்கூஸைப் பற்றி விசாரிக்கவில்லை. இன்னொரு டப்பா வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.